மூஸா பிடிக்கும் கை

அரபு மொழியில் சவரக் கத்திக்கு 'மூஸா' என்று பெயர். நபி மூஸா (அலை) அவர்களின் திருநாமத்தோடு எழுத்திலும் ஒலியிலும் ஒன்றினும் இது வேறு சொல். 'மழித்தான்' என்னும் பொருள்படும் 'அவ்ஸா' என்ற வினைவழி வந்ததென்பாரும் உளர். ஃபிக்ஹுப் பாடத்தில் இச்சொல் வரும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் பொருள் சொல்லிக் கடந்துவிடுவேன். அக்கருவியைக் கையிலெடுக்கும் தேவை, என் தந்தையார் பக்கவாதத்தில் படுத்தபின் வந்தது.

தாடி வளர்த்துத் தலையை மழித்துக்கொள்ளும் பழைய தலைமுறையைச் சேர்ந்தவர் தந்தையார். வியாழக்கிழமைதோறும் அஸருக்குப் பின் நாவிதப் பெரியவர் வீட்டிற்கு வருவார். சங்கரன்கோவில் சலூன்களில் இன்று ஆளுக்கொரு பிளேடு மாற்றும் கத்திதான். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டபின் பரவிய அச்சம் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது, அது நல்லதே. ஆனால் தந்தையார் தலைக்கென்றே ஸோலிங்கன் கத்தியொன்று எங்கள் பெட்டியில் இருந்தது. பெரியவருக்குக் கண் மங்கிய நாளில் அதை என்னிடம் நீட்டி, "ஆலிம்சா, வாப்பாவுக்கு இனி நீங்கதான் வழிச்சுவிடணும்" என்றார்.

ஒரு மாதம் பலூனில் நுரை தடவி வழித்துப் பழகினேன். பேனா பிடித்த கைக்கு இது எளிதன்று. கத்தித் தண்டின் மேல் மூன்று விரல்கள், அடியில் பெருவிரல், வால்மீது சுண்டுவிரல். கத்தி தோலோடு ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருத்தல் வேண்டும். மிகப் படுத்தால் மயிரைப் பற்றி இழுக்கும். நிமிர்ந்தால் தோலை அறுக்கும். முழங்கை உயர்ந்திருக்கலாம், தோள் இறுகலாகாது. அசைவு மணிக்கட்டிலிருந்து சிறுசிறு வீச்சாக வரவேண்டும். அழுத்தவே கூடாது, கத்தியின் எடையே போதும். "கை எட்டலேன்னா கையை வளைக்காதீங்க, நீங்க நகருங்க" என்பார் பெரியவர். தோல்வாரில் தீட்டும்போதும் கத்தியை முதுகின்மேல்தான் புரட்ட வேண்டும். கூரின்மேல் புரட்டினால் வாரும் போயிற்று, கூரும் போயிற்று.

இவ்வளவும் வலக்கையின் வேலை. அவர் பெரிதாக மதித்தது இடக்கையை. நுரையில் வழுக்காதிருக்க விரல்களைப் படிகாரத்தில் தேய்த்து, கத்தி போகுமுன் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். தளர்ந்த முதுமைத் தோலில் அப்பிடி நெகிழ்ந்தால் எத்தனை நல்ல கத்தியும் பயனில்லை.

இத்துணை நுட்பம் வாய்ந்த கையினரை நம்மவர் எவ்வாறு நடத்தினர்? தக்கலைப் பக்கத்தில் 'ஒசா' என்றழைக்கப்படும் அக்குடும்பங்களோடு மணவுறவு கொள்ளத் தயங்கியோர் பலர். பிறந்த ஏழாம் நாள் தலைமுடி இறக்கவும் கத்னாவுக்கும் மட்டும் அவர்கள் வேண்டும்! ஸஃப்பில் தோளோடு தோள் நிற்போர்க்கு இது அழகா? ஹிஜ்ரி 10இல் (கி.பி. 632) இறுதி ஹஜ்ஜின்போது, மினாவில் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருச்சிரத்தை நாவிதர் ஒருவரின் கத்திக்கு ஒப்படைத்து, வலப்பக்கத்தைச் சுட்டிக் காட்டி, அங்கிருந்து தொடங்கச் சொன்னார்கள்.

நானும் வலமிருந்தே தொடங்கினேன். தந்தையாருக்கு உணர்விழந்ததும் அப்பக்கமே. கத்தி உறுத்தினாலும் அவர் முகம் சுளிக்காது. வலியை அவருக்குப் பதிலாக என் இடக்கை விரல்களே உணர வேண்டியிருந்தது. தலையின் இடப்பக்கத்திற்கு வந்ததும் அவர் கண்களை மெல்ல மூடிக்கொள்வார். அப்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

பார்வை போனபின்னும் பெரியவர் வியாழன் வருவதை நிறுத்தவில்லை. திண்ணைச் சுவரில் சாய்ந்து, தெருவில் விசைத்தறி இரைந்தாலும், கத்தி ஓடும் ஓசைக்கே செவி கொடுத்திருப்பார். கூர் சற்று மழுங்கியதும், "சத்தம் மாறுது ஆலிம்சா, வாரில் போடுங்க" என்பார்.