சிந்து நதிக்கரையில் ஓர் இரவு

லடாக்கின் நிம்மு அருகே, சன்ஸ்கார் ஆறு சிந்துவில் கலக்குமிடம். ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டரே மழை காணும் குளிர்பாலை. இருபுறமும் மொட்டைப் பாறைச் சுவர்கள். கடல்மட்டத்திற்கு 3,000 மீட்டருக்கும் மேலே, மனைவி மக்களோடு கூடாரமடிக்க இடம் தேடினேன்.

கீழ்பவானி வாய்க்கால் நீரை எதிர்பார்த்தே வளர்ந்த பெருந்துறைக்காரன் நான். ஆகவே, கரையோர மணல்திட்டைக் காட்டினேன். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தடுத்தார்: "பகல் வெயிலில் உருகும் பனி, இரவில்தான் இங்கு வந்து சேரும். மேட்டுக்குப் போங்கள்." அரைமனத்தோடு ஏறினோம்.

நள்ளிரவில் ஆற்றின் இரைச்சல் கூடிற்று. சுப்ஹுக்கு ஒளுச் செய்ய இறங்கினால், நான் காட்டிய மணல்திட்டு முழுவதும் வெள்ளம் தொட்டுச் சென்ற ஈரம்! மேலே பிள்ளைகள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தனர். அல்ஹம்துலில்லாஹ்!

ஓடும் ஆற்றருகேயும் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிமொழி நினைவில் எழ, உறையவைக்கும் அந்நீரை அளவாய் அள்ளினேன். அருட்கொடையின் அருகிலும் அளவறிந்து நிற்க வேண்டுமன்றோ?