பாட்டியின் பொட்டும் ரங்கூன் தூணும்

என் அப்பாவைப் பெற்ற பாட்டி நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்திருப்பார். அதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? மாதா மாதம் அவர் வாங்கி வந்தது விதவைப் பென்ஷன்! "பென்ஷனும் வாங்குறா, பொட்டும் வச்சிக்கிறா" என்று ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் முணுமுணுப்பார்கள். பாட்டி காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

தாத்தா குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர்க்காரர். மெட்ராஸ் சாப்பர் படையில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி முடித்து, இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மாவுக்குப் போனார். பாலம் கட்டுவது, பாதை போடுவது, தேவைப்பட்டால் அதே பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்பது சாப்பர்களின் வேலை. போகும்போது என் அப்பாவுக்கு மூன்று வயது. பிறகு தாத்தா வரவில்லை. ஒரு கடிதம்தான் வந்தது. போஸ்ட் மாஸ்டர் படித்துச் சொன்னார்: "காணவில்லை. இறந்ததாகக் கருதப்படுகிறார்."

அந்தக் "கருதப்படுகிறார்" என்ற ஒரு வார்த்தையைப் பாட்டி பிடித்துக்கொண்டார். போதாததற்கு, 1942ல் ரங்கூனிலிருந்து கால்நடையாகவே தப்பி வந்த உறவினர் ஒருவர், "அவனை அங்கே ஒரு பர்மாக்காரியோட பார்த்தேன்" என்று கொளுத்திப் போட்டுவிட்டார். வேறொருத்தியாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். பாட்டியோ, "எங்கனா ஒருத்தியோட நல்லா இருந்தாச் சரி, உசுரோட இருக்காரில்ல?" என்றார். 1986ல் கண்ணை மூடும் வரை பொட்டை அழிக்கவில்லை.

ஆனால் என் அப்பாவுக்கு அது மாறாத காயம். "ஓடிப்போனவன் மகன்" என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களாம். தாத்தா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அவருக்கு எண்பது வயதாகிப் படுக்கையில் விழுந்த பிறகுதான், ஒரு நாள் என்னிடம், "அந்த ஆளு என்னதான் ஆனாருன்னு பாரேன்மா" என்றார்.

பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்தேன். மஞ்சளேறிய பென்ஷன் புத்தகம், ஒரு குங்குமச் சிமிழ், மடிப்பில் கிழிந்த அந்தக் கடிதம். கடிதத்தில் தாத்தாவின் பட்டாள நம்பர் இருந்தது. அதுதான் சாவியாக அமைந்தது.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று 1917லிருந்தே இயங்கி வருகிறது. இரண்டு உலக யுத்தங்களிலும் இறந்த சிப்பாய்களின் பதிவுகள் அவர்களிடம் இருக்கின்றன. கணினியில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். என் மகன் தாத்தா பெயரை அடித்தான், கிடைக்கவில்லை. தமிழ்ப் பெயரை அந்தக் கால வெள்ளைக்கார குமாஸ்தா எந்த எழுத்துக் கூட்டி எழுதினாரோ! ஐந்தாறு விதமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஏழாவது முறை நம்பர் பொருந்தியது.

திரையில் வந்த அந்த நாலு வரியை என்னால் மறக்க முடியாது. தாத்தாவின் பெயர். இறந்த நாள், 1942 பிப்ரவரி 23. அவருடைய அப்பா பெயர். அதற்கு அடுத்து, "இன்னாரின் கணவர்" என்று என் பாட்டியின் பெயர்! ஊர், வட ஆற்காடு ஜில்லா என்பது வரை. பாட்டியின் பெயரில் இரண்டு எழுத்து பிழை. இருந்தாலென்ன? அது பாட்டிதான்.

அந்தத் தேதிக்கும் ஒரு கதை இருக்கிறது. ஜப்பானியர் ரங்கூனை நோக்கி வேகமாக முன்னேறிக்கொண்டிருந்த சமயம் அது. குறுக்கே சிட்டாங் என்ற அகன்ற ஆறு. அதன் மேல் ஒரு ரயில் பாலம். எதிரி கையில் சிக்கக் கூடாதென்று பிப்ரவரி 23ஆம் தேதி விடியற்காலையில் பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள். ஆனால் நம் படையில் பெரும் பகுதி அப்போது அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தது. மூங்கிலையும் மரத்தையும் கட்டி மிதந்தவர்கள், நீந்தியவர்கள், வெள்ளத்தில் போனவர்கள் என்று அன்று தொலைந்த உயிர்கள் எத்தனையோ. அடுத்த இரண்டு வாரத்தில், மார்ச் 8ஆம் தேதி, ரங்கூன் விழுந்தது. உறவினர் "பார்த்த" ஆள் யாரோ தெரியாது. ஆனால் தாத்தாவின் கதை சிட்டாங் ஆற்றங்கரையிலேயே முடிந்துவிட்டது.

2018 டிசம்பரில் நானும் என் கணவரும் கொல்கத்தா வழியாக ரங்கூன் போனோம். இப்போது அதற்கு யாங்கோன் என்று பெயர். இறங்கியதும் ஆச்சரியம்! தெருவெல்லாம் பெண்கள் கன்னத்தில் சந்தனம் போலத் தனகா என்ற மரப்பட்டையை அரைத்துப் பூசியிருக்கிறார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சியாம். காலையில் வாழைத்தண்டு போட்டுக் காய்ச்சிய மீன் குழம்பில் சேமியா மாதிரி நூலரிசியை ஊற வைத்து மொஹிங்கா என்று சாப்பிடுகிறார்கள். 1871ல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் ஊர் நடுவே இருக்கிறது. அங்கே லுங்கி கட்டிய ஒரு பெரியவர், "தமிழ்நாட்டிலயா இருந்து வர்றீங்க, வாங்கம்மா" என்று தமிழில் கூப்பிட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் வாடகைக் காரில் வடக்கே சுமார் 35 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள டாக்யான் போர்க் கல்லறைக்குப் போனோம். வாசலைத் தாண்டினால் வெட்டிவிட்ட பச்சைப் புல், வரிசை வரிசையாகக் கல். 6,374 பேர் அங்கே அடக்கம். அதில் 867 பேருக்குப் பெயர் தெரியாது. கர்னலுக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல்தான்.

நடுவில் உயர்ந்த தூண்கள் கொண்ட நீண்ட மண்டபம். அதுதான் ரங்கூன் நினைவுச் சின்னம். உடல் கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. மண்டபத்தின் மத்தியில் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி எழுத்துகளில் அஞ்சலி வாசகம் இருக்கிறது. தமிழில் இல்லை. இத்தனை தமிழ்ப் பெயர்களைத் தாங்கிய இடத்தில் ஒரு வரி தமிழ் இருந்திருக்கக் கூடாதா என்று மனசு ஆதங்கப்பட்டது.

படைப் பிரிவு வாரியாகப் பெயர்களைப் பிரித்திருப்பதால் தேடுவது சுலபம். சாப்பர்கள் இருந்த தூணில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். முனுசாமி, கோவிந்தன், அந்தோணி, அப்துல்... நம் தெருவில் கூப்பிடும் பெயர்களாகவே வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே தாத்தா! கை எட்டும் உயரத்தில்தான் இருந்தார். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினேன். என் கணவர் ஒன்றும் பேசாமல் சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

பாட்டியின் சிமிழைக் கைப்பையில் கொண்டு போயிருந்தேன். தூணில் ஒரு பொட்டு வைக்கலாமென்று திறந்தபோது, புல் வெட்டிக்கொண்டிருந்த பர்மியப் பெண் ஓடி வந்து, கல்லில் கறை படியும் என்று ஜாடை காட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, தூணுக்கு அருகிலிருந்த பூச்செடியின் அடி மண்ணை விரலால் கிளறிக் குழி செய்து கொடுத்தாள். குங்குமத்தை அதில் கொட்டி மூடினோம். "பர்மாக்காரி" என்ற சொல்லால் எழுபது வருஷம் எரிந்த வீடு எங்களுடையது. அன்று எனக்கு உதவியவளும் ஒரு பர்மாக்காரிதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தா இருந்தால், முதலில் பழைய பெட்டிகளைப் பாருங்கள். மெடலின் விளிம்பிலோ பென்ஷன் காகிதத்திலோ நம்பர் இருக்கலாம். பெயரைப் பலவிதமாக எழுதித் தேடுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் அப்பா பெயர், ஊர், படைப் பிரிவு என்று முயலுங்கள். முதல் உலக யுத்தத்துக்குப் போனவர் என்றால் ஊர்ச் சாவடியையும் பாருங்கள். "இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போனார்கள்" என்று பொறித்த கல் நம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் இருக்கிறது. பர்மாவில் 2021ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அங்கே போவது முன்போல் எளிதில்லை; ஆனால் பதிவைத் தேட வீட்டை விட்டு நகர வேண்டாம்.

ஊர் திரும்பியதும், தூணைப் படமெடுத்ததை அப்பாவிடம் காட்டினேன். பதிவில் இருந்த பாட்டியின் பெயரையும் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஓடிப் போகலை" என்றார். பிறகு, "எங்கம்மாவுக்கு இது தெரியாமப் போனதே நல்லது. தெரிஞ்சிருந்தா பொட்டை அழிச்சிருப்பாங்க" என்றார்.

அடுத்து வந்த மாசியில், எழுபத்தேழு வருஷத்துக்குப் பிறகு, தாத்தாவுக்கு முதல் முறையாகத் திதி கொடுத்தோம். படத்துக்கு மாலை போட்டபோது அப்பா படுக்கையிலிருந்தே சொன்னார்: "அம்மா படத்துல பொட்டு பெரிசா வை."