மாஸ்லவாவின் மறுப்பு

டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ (1899) நாவலை ஒரு பிரபு மனந்திருந்திய கதையாகவே பலரும் படிக்கிறார்கள். எனக்கு அது முதலில் நீதிமன்றத்தைப் பற்றிய நாவல். கொலை வழக்கில் சிக்கிய நாயகி கத்யூஷா மாஸ்லவாவுக்கு நான்கு ஆண்டு சைபீரியக் கடுந்தண்டனை விழுவதற்குத் தனியொருவரின் கொடூரம் காரணமல்ல. கொல்லும் நோக்கம் அவளுக்கு இல்லை என்றுதான் ஜூரிகள் நினைக்கிறார்கள். அதைத் தீர்ப்பில் எழுத மறந்துவிடுகிறார்கள். தலைமை நீதிபதிக்கோ ஆறு மணிக்குள் காதலியைப் பார்க்கப் போயாக வேண்டும். மாஸ்லவாவைக் கெடுத்துக் கைவிட்ட அந்தப் பிரபு நெஹ்லூதவும் ஜூரிகளில் ஒருவன். அவன் கண்ணிலும் அந்தப் பிழை படவில்லை. இத்தனை அலட்சியத்துக்கு ஒருவனுடைய கண்ணீர் எப்படி ஈடாகும்?

கடைசியில் நாவல் பிரசங்கமாகிவிடுகிறது என்பார்கள். சுவிசேஷ வசனங்கள் நிறைந்த அந்த இறுதிப் பக்கங்கள் பலவீனமானவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே மாஸ்லவா பேசிவிடுகிறாள். மணந்துகொள்கிறேன் என்று சிறைக்கு வந்து நிற்பவனிடம், அன்று தன்னிடம் இன்பம் தேடியவன் இன்று தன்னை வைத்தே ஆன்ம மீட்சி தேடுவதாகச் சீறுகிறாள். அவனுடைய குற்றவுணர்ச்சிக்கு மருந்தாக இருக்க அவளுக்குச் சம்மதமில்லை. தண்டனை குறைக்கப்பட்ட பிறகு, அவன்மேல் அன்பு இருந்தும், அரசியல் கைதி சிமன்சனோடு போகவே முடிவெடுக்கிறாள்.