தபாலும் மின்சார வண்டியும்

புனேயை அடுத்த ஹிஞ்சேவாடியின் மாலைநேர நெரிசலில், புகையும் ஓசையுமின்றிப் பொதிகளைச் சுமந்து செல்லும் மின்சார வண்டிகளைக் காணுந்தோறும், இவை தபால் இலாகாவுக்கென்றே சிருஷ்டிக்கப்பட்டவையோ என்ற எண்ணம் எனக்கு எழுவதுண்டு.

நாள்தோறும் நிச்சயமான ஒரே மார்க்கம், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்தியின் ஒரு பகுதியைப் பாட்டரிக்கே மீட்டளிக்கும் நின்று நின்று செல்லும் ஓட்டம், இரவில் ஒரே கொட்டகையில் தங்கிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் சௌகரியம் ஆகிய மூன்றும் தபால் வண்டிக்கு இயல்பாகவே வாய்த்திருக்கின்றன.

தனக்கேற்ற மின்வண்டி சந்தையில் கிடைக்காமையால், ஜெர்மானியத் தபால் நிறுவனம் 2014-இல் ஆஹன் நகரத்து ஸ்ட்ரீட்ஸ்கூட்டர் கம்பெனியையே விலைக்கு வாங்கிற்று. நமக்கோ அத்தனை பிரயாசை அவசியமில்லை. அருகே பிம்பிரியில் தொழிற்சாலை நடத்தும் டாடா மோட்டார்ஸ் 2022 மே மாதத்தில் ஏஸ் மின்வண்டியை அறிமுகம் செய்தபோது, அமேசானும் பிளிப்கார்ட்டும் முந்திக்கொண்டு ஒப்பந்தம் செய்தன.

தேசத்தின் கடிதங்களைச் சுமந்த ஸ்தாபனம் அவர்களுக்குப் பின்தங்கலாகாது என்பதே என் அபிப்பிராயம்.