பத்து நிமிடச் சராசரி

கீழ்பென்னாத்தூரில் மாமாவின் கிணற்று மோட்டார் ஒரே பருவத்தில் இரண்டு முறை காயில் கருகியது. "காயில் கட்டுறவன் ஓல்டேஜ்ங்கறான், லைன்மேன் பம்புல கோளாறுங்கறாரு. உங்கிட்டதான் பெட்டி இருக்கே, வந்து பாருடா" என்று போன் செய்தார். பெட்டி என்பது பவர் லாகர். மூன்று பேஸின் வோல்டேஜையும் கரண்டையும் தானே எழுதிவைத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகள் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. அந்தக் கிணற்றுக்கு வந்த மின்சாரத்தை எழுதிவைத்த முதல் கருவி இதுவாகத்தான் இருக்கும். நான் செய்தது, முந்தைய வேலையின் செட்டிங்கை மாற்றாமல் அப்படியே மாட்டியது. பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எங்கேயும் 395-க்குக் கீழே இல்லை. 1956-ஆம் ஆண்டின் பழைய இந்திய மின்சார விதிகளின் கணக்குப்படி 415 வோல்ட் ஆறு சதவீதம் முன்பின் போகலாம் என்று இருந்தது. 390 வரை குற்றமில்லை. "லைன் நல்லா இருக்கு மாமா, கேபிள பாருங்க" என்றேன். மல்லாட்டை விற்ற காசில் 120 மீட்டர் கேபிள் மாற்றினார். பத்தாம் நாள் மோட்டார் மறுபடி கருகியது.

வெட்கத்தில் அடுத்த தடவை நொடிக்கு ஒரு பதிவு வைத்தேன். ஒரு பதிவுக்கு இருபது அளவுகள், நேரத்தையும் சேர்த்து 88 பைட். ஒரு நாளைக்கு 86,400 பதிவு, ஏறக்குறைய 7.6 எம்பி. பெட்டியின் நினைவகம் 16 எம்பி. இதைப் போடுவதற்கு முன்பே கணக்குப் போட்டிருக்க வேண்டும். 'நிரம்பினால் நிறுத்து' என்ற செட்டிங் வேறு. மூன்றாம் நாள் விடிவதற்குள் பெட்டி வாயை மூடிக்கொண்டது. அன்று காலை மோட்டார் உறுமி நின்றதை மாமா கண்ணால் பார்த்திருக்கிறார். பெட்டி பார்க்கவில்லை.

மூன்றாம் முறைதான் உட்கார்ந்து யோசித்தேன். பத்து நிமிடச் சராசரியே இருக்கட்டும். கூடவே அந்தப் பத்து நிமிடத்தின் குறைந்த அளவும் கூடின அளவும். அப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல் இடம் போதும். வோல்டேஜ் 350-க்குக் கீழே இறங்கினால் அந்த நேரத்தை மட்டும் நொடிநொடியாக எழுத வேண்டும். நிரம்பினால் பழையதை அழித்துக்கொள்ளலாம். லாகருக்குத் தனி பேட்டரி. லைனிலேயே உயிர் வாங்கினால், கரண்ட் வருகிற நொடியில் அதுவே தூங்கி எழுந்துகொண்டிருக்கும்.

மாட்டியது அங்கேதான். மும்முனை மின்சாரம் காலை ஒன்பதுக்கு வந்ததும் சுற்றியிருக்கும் கிணறுகளின் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போடுகின்றன. கிளம்பும் மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் 290-க்கு விழுந்து இருபது நொடி அங்கேயே கிடந்தது. அந்த வோல்டேஜில் மோட்டார் வேகம் பிடிக்க முடியாமல் காய்கிறது. பிறகு 400. பத்து நிமிடத்துக்குச் சராசரி போட்டால் 396 வருகிறது.

மாமா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்ப மொத வாட்டி காட்டுனது பொய்யா?"

"பொய் இல்ல மாமா. சராசரி."

"கேபிள் காச உங்க சராசரிகிட்ட வாங்கிக்கலாமா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஸ்டார்ட்டரில் டைமர் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு கிணறும் ஒரு நிமிடம் தள்ளிக் கிளம்பினால் போதும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பார்த்தோம். ஒருத்தர் மட்டும் "நா எதுக்குக் கடசியா எடுக்கணும்?" என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. மாமா கடைசி நிமிடத்தைத் தானே எடுத்துக்கொண்டார். மோட்டார் கொட்டகைச் சுவரில் யார் எத்தனையாவது நிமிடம் என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறார். மழையில் அழிந்தால் திரும்ப எழுதுகிறார்.