ஒரு திரை வாங்கப் போனோம்



2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓர் இரவு, சாப்பாடு முடிந்து பாய் விரிக்கும் வேளையில் என் இளைய குமாரன் என்னிடம், "அப்பா, சனிக்கிழமை என்னோடு கிராண்ட் ரோடு வரை வருவீர்களா? கம்ப்யூட்டருக்கு ஒரு மானிட்டர் வாங்க வேண்டும்" என்று கேட்டான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. கடைவீதிக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. அவன் என்னை அழைத்ததுதான் என் வாயை அடைத்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 2015ஆம் ஆண்டில் அவனுக்கு 14 வயது. பரீட்சை நெருங்கிய நாட்களில் அவன் கம்ப்யூட்டர் விளையாட்டிலேயே மூழ்கிக் கிடக்கிறான் என்று நான் கோபங்கொண்டேன். வீட்டிலிருந்த பழைய பெட்டி மானிட்டரை, பழைய சாமான் வாங்குகிறவரிடம் 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். பள்ளியிலிருந்து வந்தவன் வெறும் மேசையைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அன்று முதல் பத்து ஆண்டுகளாக, விளையாட்டைப்பற்றி என்னிடம் அவன் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நான் அதைக் கீழ்ப்படிதல் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன்.

இப்போது அவன் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறான். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. 15 அங்குல மடிக்கணினியில் ஒரு பக்கம் கணக்குத்தாள், மறுபக்கம் சரக்குப் பட்டியல் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக் கழுத்து வலியோடு எழுந்திருக்கிறான். "வேலைக்குத்தான் முக்கியமாக, அப்பா. ஆனால் இராத்திரி கொஞ்சம் விளையாடவும் செய்வேன்" என்று என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னான். அவன் சேர்த்து வைத்திருந்தது 20,000 ரூபாய். "வருகிறேன் தம்பி" என்றேன்.

அகலத்தின் கணக்கு

தாதரில் வண்டி மாறி நின்றுகொண்டே போகையில், அவன் எனக்கு இதை விளக்கினான். நாம் வழக்கமாகக் காணும் திரைகளின் அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற அளவில் இருக்கும். அவன் தேடியது அல்ட்ராவைடு என்னும் 21க்கு 9 அளவுள்ள அகலத்திரை. இந்த அகலம் திரைப்படத்திலிருந்து பிறந்தது. 1953இல் வெளிவந்த 'தி ரோப்' என்னும் படமே சினிமாஸ்கோப் முறையில் வந்த முதல் படம். கணினி மேசைக்கு இந்த வடிவம் வந்துசேர 2012ஆம் ஆண்டு ஆயிற்று.

இதில் ஒரு மயக்கம் உண்டு. திரையின் அளவை மூலைக்கு மூலை குறுக்காக அளக்கிறார்கள். ஆகையால் 29 அங்குலம் என்றதும் பெரிதென்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் 29 அங்குல அகலத்திரையின் உயரம், சாதாரண 23 அங்குலத் திரையின் உயரமே. 34 அங்குல அகலத்திரையோ சாதாரண 27 அங்குலத் திரையின் உயரமுடையது. முன்னதன் அகலம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். பின்னதன் அகலம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்.

பிள்ளை ஏற்கெனவே நாடாவால் அளந்து வந்திருந்தான். எங்கள் வீட்டில் ஜன்னலுக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவே 3 அடி. மேசையின் ஆழம் 2 அடி. பம்பாயின் ஓர் அறை வீட்டில் வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டு அளவுகளே முதற் கேள்வி. விலை அதற்குப் பின்புதான்.

கடையில் கண்டது

கடைக்காரர் மூன்று திரைகளைக் காட்டினார். முதலாவது 29 அங்குலம், 2560 × 1080 புள்ளிகள், 17,800 ரூபாய். இரண்டாவது 34 அங்குலம், அதே 2560 × 1080 புள்ளிகள், 20,000 ரூபாய்க்குச் சற்றே குறைவு. மூன்றாவது 34 அங்குலம், 3440 × 1440 புள்ளிகள், 28,000 ரூபாய்க்கு மேல்.

மூன்றாவதன் விலையைக் கேட்டு நாங்கள் தயங்கியபோது, வரி குறைந்திருக்கிறது என்று அவர் நினைவூட்டினார். அது உண்மையே. 32 அங்குலம் வரையுள்ள மானிட்டர்களுக்கு 2019 ஜனவரி முதல் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 28 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரியவற்றுக்கும் 18 விழுக்காடே. ஆயினும் அது எங்கள் கைக்கு எட்டவில்லை.

கடைக்காரர் இரண்டாவதையே வற்புறுத்தினார். "ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் அதிகம், ஐந்து அங்குலம் அதிகம்" என்றார். கேட்க நியாயமாகவே இருந்தது. என் மகனும் சாய்ந்துவிட்டான். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "தம்பி, இதில் கொஞ்சம் தமிழ் எழுத்தைக் காட்டு" என்றேன்.

அவன் தன் மடிக்கணினியை இணைத்து, ஒரு தமிழ்ப் பக்கத்தையும் தன் கணக்குத்தாளையும் அருகருகே திறந்தான். நாள் முழுதும் எழுத்துகளோடு வாழ்கிற என் கண்களுக்கு வேறுபாடு உடனே தெரிந்தது. 34 அங்குலத்தில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டின. மெய்யெழுத்தின் புள்ளி கட்டை பிடித்திருந்தது. 29 அங்குலத்தில் அதே எழுத்துகள் தெளிவாய் நின்றன.

காரணம் எளிது. இரண்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே. பெரிய திரையில் அவை அகல இழுத்து விரிக்கப்படுகின்றன. 29 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 96 புள்ளிகள். 34 அங்குலத்தில் 82 மட்டுமே. விலையுயர்ந்த மூன்றாவதிலோ 110. மாவு அதே அளவிருக்க, தோசைக்கல்லைப் பெரிதாக்கினால் தோசை மெலியத்தானே செய்யும்!

"நீங்கள் சொல்லாவிட்டால் இதை வாங்கியிருப்பேன், அப்பா" என்றான் மகன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறுபக்கம் பார்த்தார்.

விளையாட்டுக்கும் ஒரு கணக்கு

திரும்பவும் நான் கேட்கத் துணியாத காரியத்தை அன்று கேட்டேன். "விளையாட்டுக்கு எது நல்லது?" அவன் வியப்போடு என்னைப் பார்த்து, பின்பு பொறுமையாய்ச் சொன்னான்.

திரையில் எத்தனை புள்ளிகளோ, அத்தனையையும் கணினியின் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு நொடியும் பலமுறை வரைய வேண்டும். 2560 × 1080 திரையில் சாதாரணத் திரையைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு சுமை கூடும். 3440 × 1440 திரையிலோ சுமை ஏறக்குறைய 2.4 மடங்கு. எளிய கணினிக்கு விலையுயர்ந்த திரை வாங்கினால், சிறிய மாட்டைப் பெரிய வண்டியில் பூட்டியதாகும்.

ஹெர்ட்ஸ் என்பது, திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதன் கணக்கு. நாங்கள் பார்த்த 29 அங்குலத்தில் அது 100. கணினியின் வேகத்துக்குத் தக்கபடி திரை தன் வேகத்தைச் சரிப்படுத்திக்கொள்ளும் ஃப்ரீசிங்க் வசதியும் அதில் இருந்தது. வி.ஏ. வகைத் திரைகளில் கருமை ஆழமாயிருக்கும். ஆனால் இருண்ட காட்சிகள் வேகமாய் நகரும்போது நிழல் இழுபடக்கூடும். ஐ.பி.எஸ். வகையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. கட்டிலில் ஒருவர், தரையில் ஒருவர் என்று வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே திரையைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே ஏற்றது.

எல்லா விளையாட்டுகளும் இந்த அகலத்தை நிரப்புவதில்லை. வாலரண்ட் போன்ற போட்டி விளையாட்டில் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் நிற்கும். பிளேஸ்டேஷன் 5 கருவியும் 21க்கு 9 அளவில் படம் தருவதில்லை. ஆகவே அதற்கென்று அகலத்திரை வாங்குவது வீண் செலவு.

நாங்கள் 29 அங்குலத்தையே எடுத்தோம். கடையிலேயே பெட்டியைத் திறந்து, முழுவெள்ளையும் முழுக்கறுப்பும் காட்டச் சொல்லி, உயிரற்ற புள்ளிகள் உண்டா என்று பார்த்தோம். மீதிப் பணத்தில், மேசை விளிம்பில் கவ்வும் ஒரு கைத்தாங்கி வாங்கினோம். திரையின் பின்புறத்தில் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருப்பதைப் பார்த்த பின்பே அதற்குப் பணம் கொடுத்தோம். அடித்தாங்கி விழுங்கும் இடம் மிச்சமானதால், இரண்டடி மேசையிலும் கண்ணுக்கும் திரைக்கும் போதிய தூரம் கிடைத்தது.

அன்றிரவு

இரவு 9 மணிக்கு அவன் திரையை ஏற்றி, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டான். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். துப்பாக்கியும் இரத்தமும் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஒரு லாரி. யூரோ டிரக் சிமுலேட்டர் என்பது அதன் பெயராம். ஐரோப்பியச் சாலை ஒன்றில் மழை பெய்துகொண்டிருந்தது. அகன்ற திரையில் ஓட்டுநரின் இருபக்கக் கண்ணாடிகளும் தெரிந்தன. முன்னே இன்னொரு லாரி போய்க்கொண்டிருந்தது.

"அது யாருடையது?" என்றேன்.

"அண்ணனுடையது, அப்பா."

என் மூத்த குமாரன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அங்கே அப்போது இரவு 11.30. மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படி ஒருவர் பின் ஒருவராய் வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறார்களாம். சம்பளம், உடம்பு, அம்மாவின் சர்க்கரை அளவு, அவன் திருமணக் காரியம் எல்லாம் அந்தச் சாலையில்தான் பேசி முடிக்கப்பட்டிருக்கின்றன. என்னோடு மூத்தவன் பேசும் தொலைபேசிச் சம்பாஷணையோ இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை.

இளையவன் ஒலிக்கருவியைக் கழற்றி, சத்தத்தை வெளியே வைத்தான். "அப்பா பக்கத்தில் இருக்கிறார்கள்" என்றான். சற்று நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூத்தவன், "அப்பா, சாப்பிட்டீர்களா?" என்றான்.

"சாப்பிட்டேன் ஐயா" என்று சொல்லி, சிறியவன் பக்கம் திரும்பினேன். "தம்பி, அன்றைக்கு அந்த மானிட்டரை நான் கொடுத்திருக்கக் கூடாது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்" என்றேன்.

அவன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "முந்நூறு ரூபாய்க்கா கொடுப்பார்கள், அப்பா? ஐந்நூறாவது தேறியிருக்கும்" என்றான். சிங்கப்பூரிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளைகள் திரை வாங்கப் போகும்போது மேசையை அளந்து கொண்டு போகச் சொல்லுங்கள். கணினியின் வலிமைக்கு மிஞ்சியதை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கடையில் தமிழ் எழுத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். முடியுமானால் நீங்களும் கூடப் போய், வாங்கி வந்த அன்றிரவு சற்று நேரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.