கன்றுக்குட்டியும் நானும் ஒரு கணக்கும்!

இரணியல் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போவார்கள். இல்லையென்றால் திங்கள்சந்தைக்கு. நான் போனது அத்தை வீட்டு மாட்டுத் தொழுவத்துக்கு! காரணம், அன்றைக்கு அங்கே ஒரு வியாபாரம். எட்டு மாதக் காளைக்கன்று விற்பனை.

ஜெர்சிக் கலப்பு வந்தபிறகு காளைக்கன்றுக்கு மவுசு கிடையாது சார். வயலில் டிராக்டர். சினைக்கு ஊசி. அப்புறம் காளைக்கு என்ன வேலை? என்னைப் போல வேலையில்லாப் பட்டதாரி! பல வீடுகளில் பால் போதாமல் வாடவிட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

அத்தை அப்படியில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால். பத்தாம் நாள் பூச்சி மருந்து. இரண்டு வாரத்திலிருந்தே கொஞ்சம் தவிடு, புண்ணாக்கு, இளம்புல். "புல்லு தின்னாத்தான் எரப்பை விரியும் மக்ளே. சட்டுனு பாலை நிறுத்துனா வயிறு பானையாட்டு ஊதிப்போவும், கேட்டியா?" மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து, பாலை மறக்கடித்தாளாம். மண்ணைத் தின்னாமலிருக்க வாய்க்கு ஒரு கூடை வேறு.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? தினம் மூன்று லிட்டர், 90 நாள், 270 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 9,450 ரூபாய். தவிடு, புண்ணாக்கு தனி!

"அத்தை, இது நஷ்டம்."

"தள்ளைக்க பாலைக் கண்ணு குடிச்சதுக்கு நட்டக் கணக்கா மக்ளே?"

பேனாவை மூடினேன்.

தரகர் வந்தார். கன்றின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். வயிற்றைத் தட்டினார். வாயைத் திறந்து பல் பார்த்தார். பிறகு, கூட வந்த வியாபாரியும் அவரும் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசினார்கள். மாமாவும் கை கொடுத்தார். என்ன தொகை என்று எனக்குக் கடைசி வரை தெரியாது.

"வளக்கத்தான் கொண்டு போறேன்" என்றார் வியாபாரி, யாரும் கேட்காமலேயே. தமிழ்நாட்டில் 1958-ம் வருடச் சட்டப்படி, பத்து வயது தாண்டி எதற்கும் உதவாத, இல்லையென்றால் நிரந்தரமாக முடங்கிப்போன மாட்டைத்தான் இறைச்சிக்கு வெட்டலாம். வேன் களியக்காவிளைப் பக்கம் திரும்பியது. நான் நம்பினேன். கன்றும் நம்பியது.

மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அத்தை அதை அவிழ்த்து, தொழுவத்து ஆணியில் மாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்றாள். தள்ளைப்பசு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலில் வாய் வைத்தது.

நம் ஆபீஸ் காபிக்குப் பால் வேண்டுமென்றால் பசு கன்று போட்டாக வேண்டும். போடுவதில் பாதி காளை. இதை டம்ளரைப் பிடிக்கும்போது யார் நினைக்கிறோம்?

"இப்ப பிரிச்செடுத்த ஊசி வந்திருக்கே அத்தை. பத்துக்கு ஒன்பது கிடாரிதானாம்!"

"போட்டாச்சு. ஆனா, அந்தப் பத்தாவது எந்த வீட்டுல பொறக்கும்னு ஊசிக்குத் தெரியுமா மக்ளே?"

கயிற்றின் முடிச்சை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, எனக்குக் காபி போட உள்ளே போனாள்.